உடலுக்குள் நிக்கல்: உலோக உள்வைப்புகளின் நச்சுத்தன்மை பற்றிய ஆய்வுகள் செல்லும் திசை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உடலுக்குள் உலோகத்தோடு நடமாடுபவர் இல்லாத தெரு அரிதாகிவிட்டது. விபத்தில் தொடை எலும்பு முறிந்து ராடு வைத்துக்கொண்டவர், மணிக்கட்டில் பிளேட்டும் ஸ்க்ரூவும் உள்ளவர், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர், முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட முதியவர், பல்லுக்குக் கம்பி கட்டிய பள்ளி மாணவி என இவர்களைத் தினமும் காண்கிறோம். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகளை வேலூருக்கு வரவழைக்கிறது; அவர்களுள் பலர் ஓர் உலோகத் துண்டைச் சுமந்தே ஊர் திரும்புகிறார்கள். "உள்ளே வைத்த இரும்பு உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று அவர்கள் கேட்கும்போது பெரும்பாலும் ஒற்றை வரியில்தான் பதில் கிடைக்கிறது. அந்தக் கேள்விக்குள் இருக்கும் முதன்மையான உலோகம் நிக்கல். அதன் நச்சுத்தன்மையைப் பற்றி ஏறக்குறைய கடந்த கால் நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள், அச்சத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே தெளிவான சில செய்திகளைத் தருகின்றன.

நிக்கலை உள்வைப்புகளில் சேர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. எலும்பு முறிவுச் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படும் 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகில், அறுவைச் சிகிச்சைத் தரத்தில், ஏறத்தாழ 13 முதல் 15 விழுக்காடு நிக்கல் உள்ளது. அதுவே எஃகுக்கு வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. எலும்பின் வளைவுக்கு ஏற்பப் பிளேட்டை அறுவை அரங்கிலேயே வளைத்துப் பொருத்த முடிவதும், அது காந்தத்தால் ஈர்க்கப்படாமல் இருப்பதும் நிக்கலால்தான். முழங்கால் மூட்டுகளில் பயன்படும் கோபால்ட்–குரோமியம்–மாலிப்டினம் வார்ப்புக் கலவையில் நிக்கல் மிகக் குறைவு. தரநிலை அதை 0.5 விழுக்காட்டுக்குள் அடக்குகிறது. ஆனால் ஸ்டென்ட்டுகளில் பயன்படும் கோபால்ட்–குரோமியக் கலவைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றில் சுமார் 10 விழுக்காடும், மற்றொன்றில் 35 விழுக்காடும் நிக்கல் இருக்கிறது. "எஃகு இல்லை, கோபால்ட்–குரோமியம்தான்" என்று சொல்லி நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு உறுதியளிப்பது, எந்தக் கலவை என்று சொல்லாதவரை பொருளற்றது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இந்திய இதய வால்வின் சட்டமும் இத்தகைய 10 விழுக்காட்டுக் கலவையால் ஆனதே. அந்த வால்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இதயத்தில் இயங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நிக்கல் மிகுதியாக உள்ள உள்வைப்புக் கலவை நிட்டினால். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட இந்த நிக்கல்–டைட்டானியக் கலவையில், எடைக்கணக்கில் ஏறத்தாழ 55 விழுக்காடு நிக்கல். மடக்கிச் சுருட்டி மெல்லிய குழாய் வழியே செலுத்தினாலும், உடல் வெப்பத்தில் தன் பழைய வடிவத்துக்கு விரிந்துகொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு. குழந்தைகளின் இதயத்தில் உள்ள ஓட்டையை நெஞ்சைத் திறக்காமல் அடைக்கும் வலைப்பின்னல் கருவி, கால் ரத்தக்குழாய் ஸ்டென்ட், பல் சீரமைப்புக் கம்பி ஆகிய அனைத்தும் இந்த ஆற்றலை நம்பியிருக்கின்றன. இதில் நிக்கலைக் கொஞ்சம் குறைத்துவிடலாமே என்று கேட்பது இயல்பு. ஆனால் நிக்கலின் பங்கு ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே, கலவை வடிவம் மாறும் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி நகர்ந்துவிடும். எனவே ஆய்வாளர்கள் கலவையைத் தொடாமல் அதன் மேற்பரப்பின் மீது கவனத்தைத் திருப்பினார்கள்.

அந்தத் திருப்பமே இத்துறையின் முக்கியமான மாற்றம் என்று நான் கருதுகிறேன். உலோகத்துக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குச் சென்று, அதிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது, எங்கே, யாருடைய உடலில் என்ற கேள்விகள் முன்னுக்கு வந்துள்ளன. எஃகின் மேல் குரோமிய ஆக்சைடும், நிட்டினாலின் மேல் டைட்டானிய ஆக்சைடும் சில நானோமீட்டர் தடிமனில் படலமாகப் படிந்து உலோகத்தைக் காக்கின்றன. உடல் திரவத்தில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்க ஓயாமல் முயல்கிறது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் கைக்கடிகாரத்துக்குக் கீழே அரிப்பு மிகுவதற்கும் வியர்வையில் உள்ள இதே குளோரைடுதான் காரணம். ஸ்க்ரூவின் தலையும் பிளேட்டின் துளையும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் படலம் நுண்ணளவில் கிழிந்து மீண்டும் உருவாகிறது. ஒவ்வொரு கிழிசலிலும் சிறிதளவு அயனிகள் கசிகின்றன. இடுக்குகளில் தேங்கும் திரவத்தில் ஆக்சிஜன் குறைந்து அமிலத்தன்மை ஏறுவதால் அங்கே அரிமானம் இன்னும் விரைவாக நடக்கிறது. உடலில் இருந்து கழற்றப்பட்ட எஃகுப் பிளேட்டுகளில் இந்தச் சந்திப்புப் பகுதிகளே பெரிதும் அரிக்கப்பட்டிருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டதாகும். பிளேட் ஒரு உலோகம், ஸ்க்ரூ வேறொரு உலோகம் என்று கலந்து பொருத்துவதை அறுவை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பதும் இதனால்தான்.

உடலின் பங்கையும் ஆய்வுகள் இப்போது கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. முன்பெல்லாம் உப்புக் கரைசலில் உலோகத் துண்டை ஊறவைத்து, வெளியேறும் அயனியை அளப்பதோடு சோதனை முடிந்துவிடும். ஆனால் உள்வைப்பைச் சூழ்ந்திருப்பது உயிருள்ள திசு. அழற்சி ஏற்பட்டால் அங்கு திரளும் செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க பொருள்களை வெளியிடுகின்றன, சுற்றுப்புறத்தை அமிலமாக்குகின்றன, அரிமானம் கூடுகிறது. கூடிய அரிமானம் மேலும் அயனிகளை விடுவித்து அழற்சியை வளர்க்கிறது. இந்தச் சுழற்சியை ஆய்வகத்தில் போலச்செய்து பார்ப்பது அண்மைக்கால ஆய்வுகளின் முக்கியப் போக்குகளுள் ஒன்று.

நிட்டினாலில் மேற்பரப்பின் வரலாறு முடிவை எவ்வளவு மாற்றுகிறது என்பது வியக்கத்தக்கது. கருவிக்கு வடிவம் கொடுக்கும்போது வெப்பமூட்டினால் தடித்த ஆக்சைடு உருவாகிறது. அதற்கு அடியில் நிக்கல் செறிந்த அடுக்கு தங்கிவிடுகிறது. அந்த ஆக்சைடு வெடித்தால் நிக்கல் தாராளமாகக் கசியும். மின்வேதி முறையில் மெருகேற்றி அந்த அடுக்கை நீக்கினால், அதே கலவையிலிருந்து கசியும் அளவு பெருமளவு குறைகிறது. ஒரே வேதியியல் கலவையால் ஆன இரண்டு கருவிகள், தயாரிப்பு முறையால் மட்டும் இவ்வளவு வேறுபடுகின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 அக்டோபரில் நிட்டினால் கருவிகளுக்கென வெளியிட்ட இறுதி வழிகாட்டுதல், கலவை விவரத்தோடு நிற்காமல் தயாரிப்பு முறை, அரிமானச் சோதனை, நிக்கல் கசிவின் அளவு ஆகியவற்றைக் கேட்பதன் பொருத்தம் இதிலிருந்து விளங்கும். மனிதர்களிடம் எடுத்த அளவீடுகளும் உண்டு. இதய ஓட்டையை அடைக்கும் நிட்டினால் கருவி பொருத்தப்பட்டவர்களின் ரத்தத்தில் நிக்கல் முதல் மாதத்தில் உயர்ந்து, ஓராண்டுக்குள் பழைய நிலையை ஒட்டித் திரும்பியது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவியின் மேல் உடல் தன் திசுவைப் போர்த்துவதும் ஆக்சைடு நிலைபெறுவதும் இதற்கான விளக்கங்கள்.

இங்கே அளவு பற்றி ஒரு சொல். நிலக்கடலை, பருப்பு, தேநீர் என நாம் உண்ணும் உணவின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 300 மைக்ரோகிராம் நிக்கல் உள்ளே போகிறது. அதில் சிறு பகுதியே குடலில் உறிஞ்சப்பட்டு, சிறுநீரகம் வழியே வெளியேறிவிடுகிறது. நன்கு மெருகேற்றிய உள்வைப்பால் உடல் முழுவதற்கும் நிக்கல் நச்சு ஏறும் என்று அஞ்சத் தேவையில்லை. சிக்கல் எழுவது உள்வைப்பை ஒட்டிய திசுவிலும், நோயெதிர்ப்பு அமைப்பு முன்பே நிக்கலுக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டவர்களிடமும்.

இந்த நோயெதிர்ப்புப் பகுதியில்தான் அண்மைய ஆய்வுகள் பெரிய உண்மை ஒன்றைத் திறந்து காட்டின. நிக்கல் அயனி மிகச் சிறியது. தனியாக அதை நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியப் பொருளாக அடையாளம் காண இயலாது. அது உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் உருவை மாற்றும்போது டி-செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அதைக் கவனிக்கின்றன. ஆனால் அது மட்டும் போதாது. அபாயம் என்று அறிவிக்கும் இரண்டாவது சமிக்ஞை ஒன்றும் வேண்டும். அந்தச் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2010-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு விடை கண்டது. பாக்டீரியாவின் மேலுறை நச்சை உணர்வதற்காக நம் செல்களில் அமைந்த டி.எல்.ஆர்.4 என்னும் ஏற்பியில், 456, 458 ஆகிய இடங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களை நிக்கல் நேராகப் பற்றிக்கொள்கிறது. பாக்டீரியா நுழைந்ததாகவே செல் எண்ணி அழற்சியைத் தொடங்கிவிடுகிறது. சுண்டெலியின் ஏற்பியில் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. மனித ஏற்பியைப் பெற்ற சுண்டெலிகளிடம் நிக்கல் ஒவ்வாமை எளிதாக உருவாயிற்று. சாதாரணச் சுண்டெலிகளிடம், வேறு தூண்டுபொருள் சேர்த்தாலொழிய, அவ்வாறு உருவாவதில்லை. 2012-இல் கோபால்ட்டும் இதே வாயிலைப் பயன்படுத்துவது தெரியவந்தது.

இதன் பின்விளைவுகளை நாம் நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாக உள்வைப்புப் பொருள்களின் உயிரிணக்கம், அதாவது உடலோடு ஒத்துப்போகும் தன்மை, எலிகளை வைத்துச் சோதிக்கப்பட்டு வந்திருக்கிறது. மனிதரிடம் மிகப் பரவலான ஒவ்வாமையை உண்டாக்கும் உலோகமே, எலியின் நிணநீர்க்கணுச் சோதனையில் பலமுறை ஒவ்வாமைப் பொருளாகத் தென்படாமல் நழுவியிருக்கிறது. விலங்குச் சோதனையில் தேறிவிட்டது என்ற சான்றிதழ், நிக்கலைப் பொறுத்தவரை, நாம் நம்பியிருந்ததைவிடக் குறைந்த மதிப்புடையது. மனிதச் செல்களைக் கொண்ட வளர்ப்புச் சோதனைகளும், மனித ஏற்பி பொருத்திய விலங்கு மாதிரிகளும் இப்போது முன்னுரிமை பெறுவது இதனால்தான். மற்றொரு பின்விளைவு மருத்துவமனையில் தெரியும். சிலவகை பாக்டீரியாத் தொற்றும் நிக்கலும் ஒரே ஏற்பி வழியே அழற்சியைத் தூண்டுவதால், மாற்றிய மூட்டைச் சுற்றி வலியும் வீக்கமும் வந்தால் இரண்டையும் அறிகுறியைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது. தொற்று, தளர்வு, பொருத்திய கோணத்தில் பிழை ஆகியவற்றை முதலில் விலக்கிய பிறகே உலோக ஒவ்வாமையை எண்ண வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் வற்புறுத்துவது சரியே.

தோலில் நிக்கல் ஒவ்வாமை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கவரிங் தோடு போட்டால் காது மடல் சிவந்து நீர் கசிவதும், ஊக்கு படும் இடத்தில் கரப்பான் போலத் தடிப்பதும், ஜீன்ஸ் பொத்தானுக்கு நேராகத் தொப்புளருகே அரிப்பதும் இதன் அடையாளங்கள். ஐரோப்பாவில் பொதுமக்களிடம் நடத்திய ஆய்வுகளில் பெரியவர்களுள் 8 முதல் 19 விழுக்காட்டினருக்கு நிக்கல் ஒவ்வாமை இருப்பது காணப்பட்டது. பெண்களிடம் இது ஆண்களைவிடப் பல மடங்கு. காது குத்தும் வழக்கம் இதற்கு முக்கியக் காரணம். டென்மார்க் முதலில் சட்டமியற்றியது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஆணை பிறப்பித்து 2001 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. தோலை நெடுநேரம் தொடும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்கிறது அந்த விதி. உள்ளடக்கத்தை விட்டுவிட்டுக் கசிவை அளந்த இந்த விதியால், டென்மார்க்கின் இளம்பெண்களிடம் ஒவ்வாமை குறைந்தது. நம் கடைத்தெருக்களில் விற்கும் கவரிங் நகைகளுக்கும் இத்தகைய வரம்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உள்வைப்புகளால் வரும் சிக்கலின் வேர் பெரும்பாலும் சிறுவயதில் காதில்தான் ஊன்றப்படுகிறது.

ஆயினும் தோலில் ஒவ்வாமை உள்ள ஒவ்வொருவருக்கும் உள்வைப்பு தொல்லை தருவதில்லை. தோலில் அந்நியப் பொருளைப் பிடித்துக் காட்டும் செல்கள் நிறைந்துள்ளன. எலும்பை ஒட்டிய ஆழத்தில் அவை அவ்வளவு இல்லை. 2000-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், எஃகு ஸ்டென்ட் வைத்த 131 பேருள் நிக்கல் அல்லது மாலிப்டினத்துக்கு ஒவ்வாமை காட்டிய 10 பேருக்கும் ஸ்டென்ட்டுக்குள் மீண்டும் அடைப்பு ஏற்பட்டிருந்தது. அது பெரும் கவலையை எழுப்பியது. ஆனால் பின்வந்த ஆய்வுகள் அதை ஒரே குரலில் உறுதிசெய்யவில்லை. மருந்து பூசிய ஸ்டென்ட்டுகளில் உள்ள மருந்தே உள்ளூர் அழற்சியை அடக்கிவிடுவதும் நிலைமையை மாற்றியிருக்கிறது. டென்மார்க்கில் முழங்கால் மாற்று அறுவைப் பதிவேட்டையும் ஒட்டுச் சோதனை (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமையைப் பார்க்கும் சோதனை) பதிவேட்டையும் இணைத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மறு அறுவை தேவைப்பட்டவர்களிடமும் தேவைப்படாதவர்களிடமும் உலோக ஒவ்வாமை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை மறு அறுவை செய்துகொண்டவர்களிடம் மட்டும் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஒவ்வாமையால் மூட்டு தோற்றதா, தோற்று உரசிய மூட்டு உமிழ்ந்த உலோகத்தால் ஒவ்வாமை வந்ததா என்பதை இத்தகைய பதிவேட்டு ஆய்வால் மட்டும் பிரிக்க இயலாது.

எஸ்ஷூர் என்ற கருத்தடைச் சுருளின் வரலாறு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. எஃகும் நிட்டினாலும் சேர்ந்த இச்சுருளுக்கு எஃப்.டி.ஏ. 2002-இல் ஒப்புதல் தந்தது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பொருத்தக்கூடாது என்றிருந்த தடை, 2011-இல் எச்சரிக்கை வாசகமாகத் தளர்த்தப்பட்டது. வலி, இரத்தப்போக்கு, ஒவ்வாமை எனப் பெண்கள் அளித்த முறையீடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்த பிறகு, 2018 இறுதியில் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. அந்த முறையீடுகளுள் எத்தனை நிக்கலால் வந்தவை என்பது வேறு கேள்வி. நோயாளிகளின் சொல்லைத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகத் தொகுத்திருந்தால் விடை விரைவில் கிடைத்திருக்கும். 2019 நவம்பரில் உலோக உள்வைப்புகளின் நோயெதிர்ப்பு விளைவுகளைப் பற்றி எஃப்.டி.ஏ. தனிக் குழுவைக் கூட்டி விவாதித்தது.

புற்றுநோய் அச்சத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை நிக்கல் சேர்மங்களை உறுதியான புற்றுநோய்க் காரணிகளாக 1990-இல் வகைப்படுத்தியது. அதற்கான சான்று வேல்ஸ், நார்வே முதலிய இடங்களின் சுத்திகரிப்பு ஆலைகளில் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களிடமிருந்து வந்தது. எலும்பு உள்வைப்புகளை அதே முகமை 1999-இல் வகைப்படுத்த இயலாதவை என்ற மூன்றாம் பிரிவில் வைத்தது. தூய நிக்கலையும் நிக்கல் மிகுந்த ஒரு தூள் கலவையையும் விலங்குகளுக்குள் வைத்த சோதனைகளைக் கொண்டு, அவற்றை இரண்டாம் பிரிவின் கீழ்நிலையில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில், சேர்த்தது. சுவாசித்த தூசிக்குரிய முடிவை எலும்பில் பதித்த பிளேட்டுக்கு அப்படியே பொருத்துவது தவறு.

வடாற்காட்டுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று குரோமியம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிலில் குரோமிய உப்புகள் அன்றாடப் பொருள். குரோமேட் கழிவு குவிந்த ராணிப்பேட்டை 2006-இல் உலகின் மிகவும் மாசடைந்த இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தோல் தொழிலிலும் சிமெண்ட் வேலையிலும் கையில் நாட்பட்ட தடிப்பு உள்ளவர் ஒருவருக்குக் குரோமிய ஒவ்வாமை இருக்கக்கூடும். உள்வைப்பு எஃகில் நிக்கலோடு 17 முதல் 19 விழுக்காடு குரோமியமும் இருக்கிறது. நிக்கலை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தும் ஒவ்வாமை விசாரணை இவரை விட்டுவிடும்.

மாற்று உலோகங்கள் இல்லாமலில்லை. டைட்டானியம்–அலுமினியம்–வனேடியக் கலவையில் நிக்கல் சுவடளவே. நிக்கலுக்குப் பதிலாக மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்த்து, நிக்கலை 0.05 விழுக்காட்டுக்குள் அடக்கிய எஃகுக்குத் தரநிலை வகுக்கப்பட்டுள்ளது. ஆக்சைடாக்கிய சிர்கோனியம், நைட்ரைடு பூச்சு, எலும்பு கூடியபின் தானே கரையும் மக்னீசியம் எனப் பல வழிகள் ஆராயப்படுகின்றன. டைட்டானிய உள்வைப்புகள் குறித்து வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 2009-இல் வெளிவந்த மதிப்பாய்வு, இத்துறையில் உலகெங்கும் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது நமக்குப் பெருமை தருவது. ஆனால் விலை இடைமறிக்கிறது. 2017 ஆகஸ்டில் நடுவண் அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு உச்ச விலை விதித்தபோது, கோபால்ட்–குரோமியத்துக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம் அல்லது ஆக்சைடாக்கிய சிர்கோனியத்துக்கு 76,600 ரூபாயும் வரி நீங்கலாக அறிவிக்கப்பட்டன. எல்லோருக்கும் விலை உயர்ந்ததைப் பொருத்துவது தேவையற்றது. தேவைப்படும் சிலரைக் கண்டுகொள்வதே முக்கியம்.

கண்டுகொள்ளும் வழி எளியது. அறுவைக்கு முன், "கவரிங் போட்டால், கடிகாரம் கட்டினால் அரிக்குமா? தோல் வேலையோ சிமெண்ட் வேலையோ பார்த்ததுண்டா?" என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். ஆம் என்று வலுவான வரலாறு சொல்பவருக்கு மட்டும் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து, 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்தை ஒட்டியும் படித்துப் பார்ப்பார். எல்லா நோயாளிக்கும் வழக்கமாக இச்சோதனை வேண்டாம் என்பதே பன்னாட்டு வழிகாட்டுதல்களின் பொதுக் கருத்து. நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையால் ஒட்டுகள் கழன்று முடிவு பிழையாகலாம் என்பதால், அவசரமில்லாத அறுவைகளுக்கு இதை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. உயிர் காக்கும் ஸ்டென்ட்டை இச்சோதனைக்காகத் தள்ளிப்போடுவது கூடாது.

பொருத்திய பின் வரும் சிக்கல்களைப் பதிவுசெய்ய, 2015 ஜூலை முதல் மருத்துவக் கருவிகளின் பாதகங்களைத் தொகுக்கும் தேசியத் திட்டம் இயங்குகிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர்கள், செவிலியர்கள் மட்டுமன்றி நோயாளிகளும் அதற்குத் தகவல் தரலாம். அந்தத் தகவல் பயன்பட வேண்டுமானால் உள்வைப்பின் வகையும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் தெரிய வேண்டும். அவை பெட்டியோடு வரும் ஒட்டுச்சீட்டில் அச்சாகியிருக்கும். மருத்துவமனைகள் அதை நோயாளியின் கோப்பில் ஒட்டிவைப்பது வழக்கம். வீடு திரும்பும் நாளில் அதன் நகலைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் வலியோடு போய் நிற்கும்போது, உள்ளே இருப்பது எந்தக் கலவை என்பதை எக்ஸ்ரே படத்தை மட்டும் பார்த்து எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.